வேட்டைக் குறிப்பிலிருந்து ஒளிப்படச் சான்றுக்கு: இந்தியக் காட்டுயிர் ஆர்வலரிடையே கள அனுபவப் பகிர்வின் வரலாறு (1883–1996)

ஆய்வுச் சுருக்கம்

காட்டுக்குச் சென்று வருவதும், அங்குக் கண்டதை ஒளிப்படமாக்கி ஒத்த ஆர்வமுடையோர்முன் வைப்பதும் பெரும்பாலும் ஓய்வுநேரப் பழக்கமாகவே கருதப்படுகின்றன. ஆயினும், இந்தியாவில் காட்டுயிர் பற்றிய அறிவும் பாதுகாப்புச் சிந்தனையும் உருவானதில் இப்பழக்கத்திற்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. 1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தோன்றியது முதல் 1996இல் மா. கிருஷ்ணன் மறைந்தது வரையிலான காலத்தில், ஆர்வலரின் தனிப்பட்ட கள அனுபவம் எவ்வாறு பொதுச் சான்றாக மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேட்டைக் குறிப்பு, ஒளிப்படம், செய்தி மடல், நாளிதழ்ப் பத்தி ஆகிய பகிர்வு வடிவங்களும், அவற்றில் பெயர் பெறாது போன உள்ளூர் மக்களின் பங்கும், பகிர்வுக்கு விதிக்கப்பட்ட வரம்புகளும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காட்டுயிர், ஒளிப்படம், மா. கிருஷ்ணன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், வேட்டை, கள அறிவு, முதுமலை.

முன்னுரை

ஒருவர் காட்டில் தனியே கண்ட காட்சிக்கு அவரே சாட்சி. அதைப் பிறரிடம் கூறும்போது, கேட்பவர் அதை நம்புவதற்கு ஏதேனும் ஓர் அடிப்படை தேவைப்படுகிறது. அவ்வடிப்படை காலந்தோறும் மாறி வந்துள்ளது. வேட்டைக்காரர் கொம்பையும் தோலையும் காட்டினார். பின்வந்தவர் ஒளிப்படத்தைக் காட்டினார். இம்மாற்றத்தைக் கருவியின் வளர்ச்சியாக மட்டும் கொள்வது போதுமானதன்று. எதைச் சான்றாக ஏற்பது, யாருடைய சொல்லை நம்புவது, எதை வெளியிடாமல் காப்பது என்னும் வினாக்களுக்கு ஆர்வலர் குழுக்கள் தமக்குள் கண்ட விடைகளின் வரலாறாகவும் அதைக் காண வேண்டும். இக்கட்டுரை அவ்வகையிலேயே இப்பொருளை அணுகுகிறது.

‘வனவிலங்கு’ என்னும் சொல் விலங்குகளை மட்டுமே முன்னிறுத்துவதால், பறவை, ஊர்வன, தாவரம் ஆகியவற்றையும் உள்ளடக்குவதும் சு. தியடோர் பாஸ்கரன் முதலியோரின் எழுத்துகளால் பரவியதுமான ‘காட்டுயிர்’ என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

வேட்டைக் குறிப்பும் கழக இதழும்

1883 செப்டம்பர் 15ஆம் நாள் பம்பாயில் எண்மர் கூடி இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினர். அவர்களுள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் ஆகிய இருவர் இந்தியர், ஏனையோர் ஆங்கிலேயர். தாம் சேகரித்த பொருள்களையும் கண்ட செய்திகளையும் ஒருவருக்கொருவர் காட்டிக் கருத்துப் பரிமாறுவதே தொடக்க நோக்கம். 1886 முதல் கழகத்தின் ஆய்விதழ் வெளிவந்தது. அதில் நீண்ட ஆய்வுரைகளுடன் ‘பல்வகைக் குறிப்புகள்’ என்னும் பகுதியும் இடம்பெற்றது. வன அலுவலர், படைவீரர், தோட்ட உரிமையாளர், ஆட்சிப் பணியாளர் எனத் தொழில்முறை உயிரியலாளர் அல்லாதோர் தாம் கண்டதைச் சில பத்திகளில் இப்பகுதியில் எழுதினர். ஒருவர் எழுதிய குறிப்புக்கு வேறொரு மாவட்டத்திலிருந்து மற்றொருவர் மறுப்போ உறுதிப்பாடோ எழுதி அனுப்புவார். இவ்வாறு தனிமனிதரின் உலா அனுபவம் பிறரால் சரிபார்க்கத்தக்க செய்தியாயிற்று.

இக்காலப் பகிர்வில் வேட்டையே மையமாக இருந்தது. கொல்லப்பட்ட விலங்கின் நீளம், கொம்பின் அளவு, தோல், மண்டையோடு ஆகியவை சான்றுகளாயின. தென்னிந்தியாவில் 1877இல் அமைந்த நீலகிரி வேட்டை விலங்குச் சங்கமும் வேட்டைக்காரர்களின் அமைப்பே. வேட்டைக்குரிய விலங்குகள் அருகி வருவதைக் கண்டு, வேட்டையை ஒழுங்குபடுத்த அவர்கள் முனைந்தனர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தாம் தொடர்ந்து வேட்டையாட வேண்டும் என்பதற்காகவே விலங்குகளைக் காக்க முனைந்த முரண், பின்வந்த பாதுகாப்பு இயக்கத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. விலங்குகளின் எண்ணிக்கை, நடமாட்டம், இனப்பெருக்கப் பருவம் பற்றிய தொடக்கக் காலத் தரவுகளுள் பெரும்பகுதி வேட்டைக்காரர்களின் குறிப்பேடுகளிலிருந்தே கிடைத்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

கருவியின் வரவும் கழகங்களின் நெறியும்

இந்தியாவில் ஒளிப்படக் கழகங்கள் 1850களிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தோன்றிவிட்டன. லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் 1858ஐ ஒட்டிப் படமாக்கினார். அசையாத கட்டடத்தைப் படமெடுக்க அன்றைய கருவி போதுமானதாக இருந்தது. நீண்ட ஒளிபடு நேரத்தைக் கோரிய அக்கருவியால் ஓடும் மானையும் பறக்கும் பறவையையும் பதிவு செய்ய இயலவில்லை. உலர் தகடுகள் வழக்கத்திற்கு வந்த பின்னரே உயிருள்ள காட்டுயிரைப் படமாக்குவது ஆர்வலருக்குக் கைகூடியது.

இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தோர் 1892இல் பறவைக் கூட்டினைப் படமெடுக்கத் தொடங்கினர். 1895இல் முழுவதும் ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட பறவைக்கூடு பற்றிய நூலை வெளியிட்டனர். பறவைகளை அணுகுவதற்கு உள்ளீடற்ற மாட்டுத்தோல் பொம்மைக்குள் ஒளிந்திருந்து படமெடுத்ததும் உண்டு. 1899இல் அந்நாட்டில் விலங்கியல் ஒளிப்படக் கழகம் தோன்றியது. அதன் உறுப்பினர் தம் படங்களை ஒரு தொகுப்பாக அஞ்சல்வழிச் சுற்றுக்கு விட்டனர். தொகுப்பு ஒவ்வொருவரிடமும் செல்லும்போது, அவர் பிறர் படங்களைப் பற்றிய தம் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். புகழுரையினும் குறைகாணலே இம்முறையின் பயன். நேரில் சந்திக்காத உறுப்பினரும் ஒருவர் படத்தின் தரத்தை மற்றொருவர் ஆராயும் வழக்கத்திற்கு உட்பட்டனர். அறிவியல் இதழ்கள் பின்பற்றும் சக அறிஞர் மதிப்பீட்டிற்கு இதை ஒப்பிடலாம்.

அமெரிக்காவில் முன்னாள் வேட்டைக்காரரான ஜார்ஜ் ஷைராஸ், இரவில் விலங்குகளைப் படமெடுத்தார். அவருடைய 74 படங்கள் 1906 ஜூலை ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழில் வெளிவந்தன. விலங்கு தானே கம்பியை இழுத்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் பொறிமுறையையும் அவர் பயன்படுத்தினார்.

இப்பொறிமுறையை இந்தியக் காடுகளில் பெரிய அளவில் கையாண்டவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணங்களில் வனப்பணி அலுவலராக இருந்த இவர் வேட்டையை விரும்பாதவர். புலி நடமாடும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அதைப் புலி மிதித்தவுடன் மக்னீசியத் துகள் வெடித்து ஒளிவிடவும் கருவியின் திரை திறக்கவும் அவர் வழிசெய்தார். ஒரு கருவியால் ஓர் இரவில் ஒரு படமே எடுக்க இயலும். காற்று, மழை, பனி, வேறு விலங்கின் காலடி எதுவாயினும் அவ்வாய்ப்பைக் கெடுத்துவிடும். இவ்வாறு கிடைத்த புலிப் படங்கள் 1925இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தன. 1927இல் ‘புலி நாட்டில் ஒளிப்படக் கருவியுடன்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலை அவர் வெளியிட்டார்.

சாம்பியனின் பங்களிப்பு இருவகையில் முதன்மை பெறுகிறது. முதலாவது, துப்பாக்கியால் பெறும் நிறைவினும் கருவியால் பெறும் நிறைவு உயர்ந்தது என்று வேட்டைக்காரர்களை நோக்கி அவர்களுள் ஒருவராகக் கருதப்பட்ட வன அலுவலரே வாதிட்டார். ஜிம் கார்பெட் துப்பாக்கியை விடுத்துப் படக்கருவியை நாடியதில் சாம்பியனின் தாக்கம் உண்டு. இரண்டாவது, ஒவ்வொரு புலியின் வரிக்கோலமும் வேறுபடுவதைப் படங்களை ஒப்பிட்டு அவர் கண்டார். 1990களில் நாகரகொளெயில் உல்லாஸ் கரந்த் தானியங்கிக் கருவிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே இனங்கண்டு எண்ணிக்கையை மதிப்பிட்டதற்கு அடிப்படையும் இதே வரிவேறுபாடுதான். கொன்ற புலி ஒரு முறையே சான்றாகும். படமெடுக்கப்பட்ட புலியோ மீண்டும் மீண்டும் சான்றளிக்கும். ஒளிப்படம் வேட்டைப் பொருளைவிட மேலான சான்றாகும் வாய்ப்பு இங்கேதான் தெளிவாயிற்று.

தோழமையும் அறிவும்

விடுதலையை ஒட்டிய பத்தாண்டுகளில் ஆர்வலரின் ஒளிப்படம் வகைப்பாட்டியலுக்கும் துணைநின்றது. அசாமில் தேயிலைத் தோட்ட அலுவலராக இருந்த இ. பி. ஜீ, பூட்டான் எல்லையை ஒட்டிய காட்டில் பொன்னிறக் குரங்குகள் இருப்பதாகக் கிடைத்த செய்திகளைத் தொடர்ந்து சென்று, 1953இல் அவற்றைப் படம்பிடித்தார். இவ்வினத்தை 1956இல் கஜூரியா அறிவியல் முறையில் விவரித்து, ஜீயின் பெயரையே அதன் அறிவியல் பெயரில் சேர்த்தார். ஜீ 1964இல் வெளியிட்ட இந்தியக் காட்டுயிர் பற்றிய நூலுக்கு ஜவகர்லால் நேரு அணிந்துரை வழங்கினார்.

பறவையியலில் சாலிம் அலிக்கும் லோக் வான் தோவுக்கும் இடையிலான நட்பு மற்றொரு சான்று. சிங்கப்பூர், மலாயாவில் திரைப்படத் தொழில் நடத்திய லோக், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியபோது சாலிம் அலியுடன் பழகினார். பின்னர் இருவரும் காஷ்மீரம், சிக்கிம் முதலிய பகுதிகளுக்குச் சேர்ந்து சென்றனர். ஒருவர் பறவையின் வாழ்வைக் குறித்துக்கொள்ள, மற்றவர் அதைப் படமாக்கினார். லோக்கின் பறவைப் படநூல் 1957இல் வெளிவந்தது. அறிவும் கருவியும் ஒருவரிடமே அமையாத நிலையில், தோழமையே அவற்றை இணைத்தது.

1960ஐ ஒட்டி ஜாஃபர் ஃபுட்டஹல்லி தொடங்கிய பறவை நோக்குவோர் செய்தி மடல், நகலெடுப்புப் பொறியில் உருட்டி அஞ்சலில் அனுப்பப்பட்ட எளிய இதழாகும். கழக ஆய்விதழில் எழுதத் தயங்கிய ஆசிரியர், எழுத்தர், மாணவர் முதலியோருக்கும் அது இடமளித்தது. வேட்டைச் சங்கங்களில் உறுப்பினராகச் செல்வமும் பதவியும் தேவைப்பட்டன. இம்மடலில் எழுத, கண்டதைத் துல்லியமாகக் குறித்துவைக்கும் பழக்கம் போதுமானதாக இருந்தது.

நீலகிரியிலும் இதையொத்த மாற்றம் நிகழ்ந்தது. வேட்டை விலங்குச் சங்கம் காலப்போக்கில் நீலகிரி காட்டுயிர்ச் சங்கமாயிற்று. அதன் மதிப்புறு செயலாளராகப் பணியாற்றிய குன்னூர் வழக்கறிஞர் இ. ஆர். சி. டேவிதார், வேட்டைக்காரராக இருந்து பாதுகாவலராக மாறியவர். 1963இல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்து, அம்முடிவுகளைப் பம்பாய்க் கழக இதழில் வெளியிட்டார். வேட்டையின்போது பெற்ற மலைத்தடப் பழக்கமே கணக்கெடுப்புக்கும் உதவியது.

மா. கிருஷ்ணன்: பகிர்வின் தனிநெறி

தமிழில் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் இளைய மகனாக 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று தாவரவியலிலும் பின்னர்ச் சட்டத்திலும் பட்டம் பெற்றவர். 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் பல பணிகளை ஆற்றினார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பின் சென்னை திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையுமே வாழ்வாக்கிக்கொண்டார். 1950இல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் தொடங்கிய அவருடைய இருவாரப் பத்தி, 1996 பிப்ரவரி 18இல் அவர் மறைந்த நாள் வரை 46 ஆண்டுகள் வெளிவந்தது.

ஆர்வலர் பகிர்வு வரலாற்றில் கிருஷ்ணனின் இடம் மூன்று கூறுகளால் அமைகிறது. முதற்கூறு, அவர் தேர்ந்த வாசகர். கழக இதழ் ஆர்வலருக்குள் மட்டும் சுழன்றது. நாளிதழ்ப் பத்தியோ காட்டுக்கே செல்லாத வாசகரையும் எட்டியது. பெருவிலங்குகளுடன், வீட்டு முற்றத்து அணில், காகம், பல்லி, தெருநாய் ஆகியவற்றையும் அவர் எழுதினார். 1961இல் வெளிவந்த அவருடைய முதற்கட்டுரைத் தொகுதியின் தலைப்பே காட்டையும் வீட்டுக் கொல்லையையும் இணைத்துக் கூறுவதாகும்.

இரண்டாம் கூறு, கருவி பற்றிய அவரது நிலைப்பாடு. பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பருமனான கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். வண்ணப் படச்சுருள் பரவிய பின்னரும் கருப்பு-வெள்ளையையே கையாண்டார். படிகளையும் தாமே இருட்டறையில் உருவாக்கினார். முதுமலை முதலிய காடுகளில் கால்நடையாகவும் வனத்துறையின் யானைமீதமர்ந்தும் படமெடுத்தார். விலங்கு எவ்விடத்தில், எந்நிலையில், எம்மரத்தடியில் நின்றது என்பது படத்தில் தெரிய வேண்டும் என்பதே அவர் படங்களின் பொதுவியல்பு. முகத்தை மட்டும் பெரிதாக்கும் படத்தில் இச்செய்தி இழக்கப்படுகிறது. வாழிடமின்றி விலங்கில்லை என்னும் சூழலியல் கருத்து இவ்வாறு படத்தின் அமைப்பிலேயே இடம்பெற்றது.

மூன்றாம் கூறு, படத்தை ஆய்வுச் சான்றாக அவர் கையாண்ட முறை. ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்று அவர் மேற்கொண்ட தீபகற்ப இந்தியப் பாலூட்டிகள் பற்றிய கள ஆய்வு, 1959–70 காலத்திய இந்தியக் காட்டுயிர் பற்றிய நூலாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் 1975இல் வெளியிடப்பட்டது. பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஒருவரின் குறிப்பேடும் படங்களும் இத்தகைய ஆவணமாக முடிந்தமை, ஆர்வலர் மரபு எட்டிய உயர்நிலையைக் காட்டுகிறது. 1960இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அயல்மரங்களை நட்டுக் காடு வளர்ப்பதை எதிர்த்து, இந்நிலத்துக்குரிய உயிரினங்கள்மீதான பற்றை நாட்டுப்பற்றின் ஒரு கூறாக அவர் வலியுறுத்தினார்.

கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகள் அவர் மறைந்த பின், ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தலைப்பில் சு. தியடோர் பாஸ்கரனால் தொகுக்கப்பட்டன. எனினும் அவரது எழுத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே உள்ளது. முதுமலை யானைகளைப் பற்றி அவர் எழுதியதை அம்மலையடிவாரத்து மக்களுள் பெரும்பாலோர் படிக்க இயலாதிருந்தமை இம்மரபின் குறைகளுள் ஒன்று.

பெயர் பெறாத பங்காளர்

ஆர்வலர் பகிர்வில் படமெடுத்தவர் பெயர் பதிவாகிறது. விலங்கின் தடத்தை முதலில் கண்டவர், யானையைச் செலுத்தியவர், காற்றின் திசையறிந்து வழி மாற்றியவர் ஆகியோர் பெரும்பாலும் ‘வழிகாட்டி’ என்னும் பொதுச்சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றனர். முதுமலைப் பகுதியில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பணியர் ஆகிய மக்கள் வாழ்கின்றனர். தெப்பக்காடு யானை முகாமின் பாகர்களும் தடம் பார்ப்போரும் இம்மக்களிலிருந்தும் வந்தவர்களே. வேட்டைக் குறிப்புகளின் காலம் முதல் ஒளிப்படக் காலம் வரை, களத்திலிருந்து வெளிவந்த ஒவ்வொரு செய்தியிலும் இவர்களது அறிவு கலந்துள்ளது. சான்றை மதிப்பிடும் வரலாற்றாய்வாளர், படத்தின் அடியில் உள்ள பெயரோடு நின்றுவிடலாகாது.

வேடந்தாங்கல் இவ்வகையில் எண்ணத்தக்கது. ஏரியில் கூடும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊர்மக்கள், பறவைகளைச் சுடுவதை எதிர்த்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமை ஆவணமும் பெற்றனர். பறவை நோக்குவோர் கழகங்களும் ஒளிப்படக் கருவியும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நிகழ்ந்தது இது. நகரத்து ஆர்வலர் பின்னர் அங்குச் சென்று எடுத்த எண்ணற்ற படங்கள் இவ்வூரார் காத்த பறவைகளின் படங்களே. ஆர்வலர் பகிர்வே பாதுகாப்பின் ஒரே ஊற்று என்னும் கருத்தை இச்சான்று மறுக்கிறது.

பகிர்வின் எல்லைகள்

பகிர்வு எப்போதும் நன்மையே பயக்கும் என்று கொள்வதற்கில்லை. பறவைப் படங்களுள் கூட்டில் எடுக்கப்பட்டவை நெடுங்காலம் மிகுதியாக இருந்தன. பறவை மீண்டும் வருவது உறுதியான இடம் கூடு ஒன்றே என்பதும், அன்றைய வில்லைகளுக்கு அண்மை தேவைப்பட்டதும் இதற்குக் காரணங்கள். தெளிவான படத்திற்காகக் கூட்டை மறைத்த கிளைகளை அகற்றும்போது, குஞ்சுகள் வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாயின. அழகிய படம் கழகத்தில் பாராட்டைப் பெற்றது. கூட்டின் முடிவு படத்தில் பதிவாகவில்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவை, ஊர்வனவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதை ‘வேட்டை’ என்னும் சொல்லின் வரையறைக்குள்ளேயே சேர்த்தது. துப்பாக்கியின்றியும் வேட்டை நிகழக்கூடும் என்பதைச் சட்டம் இதன்வழி ஏற்றுக்கொண்டது.

போட்டியும் மற்றொரு சிக்கலை உருவாக்கிற்று. கழகக் கண்காட்சிகளும் பன்னாட்டுப் போட்டிகளும் பரிசை மையமாக்கியபோது, பழக்கப்படுத்தப்பட்ட விலங்கையோ இறந்த விலங்கையோ காட்டில் கண்டதுபோல் படமெடுக்கும் முறைகேடுகள் எழுந்தன. 2009இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், பழக்கப்படுத்தப்பட்ட விலங்கைக் கொண்டு எடுக்கப்பட்டிருக்கக்கூடும் என நடுவர்கள் கருதியதால், மறு ஆண்டு தகுதிநீக்கம் செய்யப்பட்டது. பன்னாட்டு ஒளிப்பட அமைப்புகள் மூன்று 2015 முதல் இயற்கை ஒளிப்படத்திற்குப் பொது வரையறை வகுத்து, காட்சியின் உண்மையை மாற்றும் திருத்தங்களைத் தடைசெய்தன. நூறாண்டுகளுக்கு முன் அஞ்சல்வழித் தொகுப்பில் ஒருவர் மற்றவர் படத்தின்கீழ்க் கேட்ட வினாவே இங்கு விதியாக எழுதப்பட்டுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: இந்தியாவில் காட்டுயிர் ஆர்வலரின் பகிர்வு வேட்டைக்காரரிடையே தொடங்கி, அவர்களது கள அறிவைப் பெற்றுக்கொண்டே அவர்களது நோக்கத்திலிருந்து விலகியது. ஒளிப்படம் நம்பத்தக்க சான்றாவதற்குக் கருவியின் வளர்ச்சி மட்டும் காரணமன்று. குறிப்பை மறுத்தும் உறுதிப்படுத்தியும் எழுதிய இதழ் வாசகரும், படத்தைக் குறைகூறிய கழக உறுப்பினரும் அந்நம்பகத்தை உருவாக்கினர். மா. கிருஷ்ணன் இம்மரபைப் பொதுவாசகரிடம் கொண்டுசென்றார். விலங்கை அதன் வாழிடத்துடன் சேர்த்துக் காட்டுவதைப் படநெறியாகவும் ஆக்கினார். 1978இல் சென்னையில் தோன்றிய இயற்கை ஆர்வலர் சங்கம் களப் பயணங்களாலும் தன் இதழாலும் இம்மரபைத் தொடர்ந்தது.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுவதற்கு ஆங்கில இதழ்களும் படநூல்களும் மட்டும் போதா. பாகர், தடம் பார்ப்போர், ஏரிக்கரை ஊரார் ஆகியோரின் வாய்மொழி நினைவுகள் தமிழிலும் பழங்குடி மொழிகளிலும் தொகுக்கப்பட வேண்டும். முதுமலையிலும் பிற காடுகளிலும் ஆர்வலருடன் நடந்த தலைமுறையினர் முதுமை எய்திவிட்ட இன்றைய நிலையில், இப்பணி காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்கது.